எதிர் மலையை நோக்கிய கெமரா

லிந்துலையில் போட்டோ கொப்பி எடுக்கிற, பழுதான போன் திருத்துகிற ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. கடையில் ஒரு கணினி இருந்தது. ஆள் வராத நேரங்களில் அதில் என் படங்களைப் பார்த்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். கெமராவும் அவர் மூலம் வந்ததுதான். கட்டாரிலிருந்து திரும்பிய அவருடைய உறவுக்காரர் ஒருவர் வேண்டாமென்று வைத்திருந்த பழைய கெமரா அது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீளமான சூம். நிலாவில் இருக்கும் குழிகள்கூட அதில் தெரியும்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் காய்ந்த மரத்தில் வந்து உட்காரும் குக்குறுவானில் தொடங்கினேன். பிறகு காட்டோரத்தில் புல் மேயும் மரை மான்கள். சிறுத்தையை மட்டும் ஒருநாளும் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. தேயிலைக்குள் நுழைந்து மறையும் ஒரு வால்நுனி, அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. தோட்டத்தில் எனக்குக் 'குருவிக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈரம் பிடித்து லென்ஸில் பூஞ்சணம் வந்துவிடக் கூடாதென்று கெமராவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பேன். "சோத்துக்கு அரிசி எடுக்கப் போனா கண்ணாடி முழிச்சிப் பாக்குது" என்று அம்மா திட்டுவாள்.

எனக்கு அதிகம் பிடித்தது மலைகளை அகலமாக எடுப்பதுதான். எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் விழும்படி வரிசையாக எடுக்க வேண்டும். பிறகு கடைக் கணினியில் எல்லாவற்றையும் ஒட்டினால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே படமாக விரியும். நடுவில் ஒரு மேகம் நகர்ந்தால்கூட ஒட்டு பொருந்தாது. அதற்காக மணிக்கணக்கில் அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பாறைக்கு நேரெதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் தோட்டத்தின் அடுத்த டிவிசன். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அவளும் மூன்று வயது மகனும் அங்கே ஒரு லயத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாறைக்குப் போனால் அவளுக்குப் போன் பண்ணுவேன். அந்தப் பக்கத்துக் கோயிலடியில் தட்டையான ஒரு கல் உண்டு. அதில் ஏறி நின்று மகனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள். வெறுங்கண்ணுக்கு அவள் ஒரு புள்ளி. கெமராவில் அவள் சிரிப்பது தெரியும். "படத்துல விழுந்தோமா அண்ணே?" என்று போனில் கத்துவாள். "விழுந்தீங்க, விழுந்தீங்க" என்பேன்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. தோட்டத்தில் வேலையை நிறுத்தியிருந்தார்கள், நானும் கடைக்குப் போகவில்லை. லயத்தில் எங்கள் வீடான ஒற்றைக் காம்பராவுக்குள் ஒழுகாத மூலையாகப் பார்த்து அடுப்பை மாற்றி வைத்திருந்தாள் அம்மா. ஒருநாள் காலையில் நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவது போலிருந்தது. ஆனால் கொட்டி முடியவே இல்லை. தட்டிலிருந்த டின்கள் நடுங்கின. எங்கள் மலைதான் வருகிறதென்று நினைத்து எல்லோரும் வெளியே ஓடினோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் வெள்ளையாக மூட்டம். சத்தம் நின்ற பிறகு ஒரு வாசனை வந்தது. பச்சை மண்ணும் நசுங்கிய யூகலிப்டஸ் இலையும் கலந்த வாசனை.

"எதிர்த்த மலை" என்று யாரோ சொன்னார்கள்.

தங்கச்சியின் போனுக்கு அடித்தேன். சிக்னலே இல்லை. யாருடைய போனிலும் இல்லை. கரண்டும் போயிருந்தது. ஆம்பிளைகள் கயிறும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினோம். பாலம் இருந்த இடத்தில் இரண்டு பக்கத்திலும் இடிந்த கட்டு மட்டும் நின்றது. வேரோடு பிடுங்கிய மரங்களை ஆறு உருட்டிக்கொண்டு போனது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கிப் பார்த்தார். இரண்டடி வைப்பதற்குள் தண்ணீர் அவரைக் கவிழ்த்தது. இழுத்துக் கரையில் போட்டோம். லிந்துலைக்குப் போகும் ரோட்டிலும் மேடு இடிந்து விழுந்திருப்பதாகச் செய்தி வந்தது. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. நாங்கள் போகவும் வழியில்லை. அக்கரையை நோக்கிக் கத்தினோம். ஆற்று இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் கத்தியதே எனக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்குக் கெமரா நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு ஓடி அரிசிக்குள் கையை விட்டேன். என்னிடம் இரண்டு பெட்டரிகள் இருந்தன. நல்லது கடையில் சார்ஜரில் கிடந்தது. கெமராவுக்குள் இருந்தது பழையது. போட்டுப் பார்த்தேன், பாதிக்கும் குறைவாகக் காட்டியது. குடையும் ஒரு பொலித்தீன் உறையும் எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். வழுக்கும், வராதே என்றேன். கேட்கவில்லை.

மூட்டம் விலக வெகு நேரம் காத்திருந்தோம். விலகியது கொஞ்ச நேரந்தான். கண்ணை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்த மலை. ஒவ்வொரு தேயிலை வரிசையும் எனக்குத் தெரியும். இப்போது உச்சியிலிருந்து அடிவரை மலையை உரித்ததுபோல ஒரு செம்மண் தடம் கிடந்தது. அங்கே மூன்று லயங்கள் இருந்தன. அடி லயத்தைக் காணோம். நடு லயத்தில் பாதியைக் காணோம். மேல் லயம் மட்டும் முழுசாக நின்றது.

என் தங்கச்சி இருந்தது நடு லயம்.

அவள் காம்பரா எந்தப் பாதியில் இருந்ததென்று எனக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. எத்தனை தடவை போயிருக்கிறேன், எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன், நினைவு வரவில்லை. கெமராவில் பழைய படம் ஒன்று கிடந்தது. அதைத் திறந்து பெரிசாக்கிப் பார்த்தேன். அவள் காம்பரா வலது கோடியிலிருந்து இரண்டாவது. நின்ற பாதி வலது பாதிதான். ஆனால் காலையில் அவள் காம்பராவுக்குள்தான் இருந்தாளா? தண்ணீர்க் குழாய் இடது கோடியில். காலையில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

"இருக்காளாடா?" என்றாள் அம்மா.

"அவ வீடு இருக்கும்மா. ஆள் தெரியல."

"வீடு எனக்கெதுக்கு? நல்லாப் பாரு."

அதற்குள் மூட்டம் மூடிவிட்டது. அன்று மறுபடி விலகவில்லை. இருட்டும்வரை அம்மா அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.

மறுநாள் விடிந்தபோது பாறையைச் சுற்றி முக்கால்வாசி லயம் நின்றது. எங்கள் டிவிசனில் அந்தப் பக்கத்தோடு உறவு இல்லாத வீடு குறைவு. பெண் எடுத்ததும் கொடுத்ததும் அங்கேதான். எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா எனக்கு முன்னாலேயே வந்து குந்தியிருந்தார். அவருடைய அம்மா, நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், நடு லயத்தில் தனியாக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவரும் வந்திருந்தார். அவருடைய அப்பா அடி லயம். அடி லயத்தைக் காணோமென்று நான் முந்தின நாளே சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பவில்லை. "மூட்டத்துல சரியாத் தெரிஞ்சிருக்காது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இடம் கொடுத்தால் பெட்டரி தீர்ந்துவிடும். திரை எரிந்தாலே பெட்டரி குறையும் என்று விளக்கினேன். "நான் மட்டும் பாக்கிறேன், தெரியிறத அப்படியே சொல்றேன்" என்றேன்.

"நீ உன் தங்கச்சியத்தான் தேடுவ" என்றார் தொழிற்சாலை அண்ணன். கெமராவின் பட்டியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவர் அடிக்கவில்லை, பட்டியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். மற்றவர்கள் பிரித்துவிட்ட பிறகு அவர் அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காற்றடித்தது. மூட்டம் மெல்லக் கலைந்தது. கெமராவை இயக்கி முதலில் செம்மண்ணைப் பார்த்தேன். அங்கே சிலர் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் எதையோ சுற்றி நான்கு பேர் தூக்கிப் போனார்கள். அதைச் சொன்னேன். "யாரு? யாரத் தூக்குறாங்க?" என்று ஒரே நேரத்தில் பல குரல்கள். தெரியவில்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டுபோயிருந்தது.

பிறகு கோயில் பக்கம் திருப்பினேன்.

தட்டைக் கல்லின்மேல் ஒரு பெண் நின்றாள். தலையில் சாக்கைப் போட்டிருந்தாள். நேராக எங்கள் பக்கம் பார்த்து, இரண்டு கைகளாலும் ஒரு குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கைகளை இறக்கவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ, மூட்டத்துக்குள் எத்தனை தடவை தூக்கி இறக்கினாளோ.

"அம்மா" என்றேன். அம்மாவின் தலையைப் பிடித்துக் கெமராவில் வைத்தேன். பெட்டரியை நினைக்கவில்லை. அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுப் பாறைமேல் நெற்றியை வைத்துப் படுத்துவிட்டாள்.

நான் மறுபடி பார்த்தபோது தங்கச்சி குழந்தையை இறக்கிவிட்டு கல்லுக்குப் பின்னால் போனாள். ஒரு கிழவியைக் கையைப் பிடித்து ஏற்றி, எங்கள் பக்கம் முகம் தெரியத் தோளைத் திருப்பி நிறுத்தினாள். தான் விலகி நின்றாள். பிறகு அந்தக் கிழவியை இறக்கி இன்னொருவரை ஏற்றினாள். அவள் என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு நான் தெரிவேனா என்றால் தெரியமாட்டேன். அங்கே கெமரா இல்லை. ஆனால் அண்ணன் பாறையில் இருப்பான், பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கத்திச் சொல்லத் தொடங்கினேன். "பிள்ளைகளப் பாத்துக்கிற ஆயா இருக்காங்க! கோயில் பூசாரி இருக்காரு! அவரு மக இருக்கு, கையில கட்டுப் போட்டிருக்கு!" முகம் அவ்வளவு தெளிவில்லை. ஆனால் பழகியவர்களுக்கு நிற்கும் தினுசு போதும். ஒவ்வொரு ஆளுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு அலறல் எழுந்தது. சந்தோஷமும் அழுகையும் ஒரே மாதிரிக் கேட்டன. ஆள் கிடைத்தவர்கள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்கள். கிடைக்காதவர்கள் இன்னும் நெருக்கி வந்தார்கள். அக்காவின் மூச்சு என் காதில் பட்டது. "எங்கம்மா தம்பி, பச்சைச் சேலை, கூன் போட்டு நிப்பாங்க." தொழிற்சாலை அண்ணன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்லுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். சாக்கும் குடையும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. பெட்டரிக் குறி சிவப்பாகி மின்னியது. ஒருவரைப் பார்த்ததும் அணைத்து, அடுத்தவருக்கு மறுபடி இயக்கினேன். ஒரு தடவை இயக்கியபோது திரை இருண்டது.

பெட்டரியைக் கழற்றி அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். குளிரில் செத்த பெட்டரி சூடு பட்டால் சில நேரம் கொஞ்சம் உயிர் பிடிக்கும். காட்டோரத்தில் மரைக்காகக் காத்திருந்த விடியல்களில் கற்றது அது. எல்லோரும் என் அக்குளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி போட்டேன். திரை வந்தது. சாக்கு போர்த்திய ஒரு உருவம் குனிந்து, கல்லில் கையை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தது. பொத்தானை அமத்தினேன். அதோடு எல்லாம் இருண்டது. பிறகு என்ன சூடு காட்டியும் வரவில்லை.

"யாரு?" என்றார் அக்கா.

"ஏறிக்கிட்டு இருந்தாங்க அக்கா. குனிஞ்சிருந்தாங்க. முகம் தெரியல."

"குனிஞ்சிருந்தாங்களா? அப்ப எங்கம்மாதான். அவங்கதான் குனிஞ்சி நடப்பாங்க."

"எங்கப்பாவும் கைய ஊண்டித்தான் ஏறுவாரு" என்றார் தொழிற்சாலை அண்ணன்.

"ஆம்பிளையா பொம்பிளையா, அதச் சொல்லுங்க தம்பி."

சொல்ல முடியவில்லை. சாக்குக்குள் ஆணென்ன, பெண்ணென்ன. படம் கெமராவுக்குள் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வழியில்லை. இரண்டு பேரும் என்னை மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஒரே உருவம் இருவருக்கும் வேண்டியிருந்தது. மூட்டம் வந்து மலையை மூடியது. மழையும் பிடித்துக்கொண்டது.

அடுத்த இரண்டு நாட்களும் ஆறு இறங்கவில்லை. தொழிற்சாலை அண்ணன் சாப்பிடவில்லை. அடி லயம் போனது போனதுதான் என்று அவருக்கு உள்ளே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தாடையைத் தடவிக்கொண்டு காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துத் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார். நான் போனால் எழுந்து போய்விடுவார். அக்கா அதற்கு மாறாக இருந்தார். தன் கம்பளி ஒன்றைத் துவைத்து அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு இரவு பகலாகக் காயவைத்தார். ஒரு சேலை, ஒரு துவாய், அம்மாவுக்கென்று கொஞ்சம் வெற்றிலை. எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்தார். "நனஞ்சு போயிருப்பாங்க தம்பி. அவங்களுக்கு மூச்சிழுப்பு வேற" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடமாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் வெளியே வந்து நிற்பேன். அந்த உருவம் அவருடைய அம்மா இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அம்மாதான் என்று சொல்லவும் என்ன தெரியும்?

ஆறு கொஞ்சம் வடிந்ததும் மேலே ஒடுங்கிய இடமாகப் பார்த்துக் குறுக்கே கம்பி கட்டினோம். அக்கா மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் வர வேண்டாம் என்று ஆம்பிளைகள் சொல்லிப் பார்த்தார்கள். "எங்கம்மாவ நீங்க கூட்டிட்டு வந்தா அவங்க வரமாட்டாங்க, நான் கூப்பிட்டாத்தான் வருவாங்க" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் எனக்கு முன்னால் நடந்தார்.

தப்பியவர்கள் எல்லோரும் கோயிலுக்குள் இருந்தார்கள். வாசலில் ஒரு கிழவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார். தொழிற்சாலை அண்ணன் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிழவர் மகனை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னயப் படம் புடிச்சீங்களா தம்பி? ரொம்ப நேரம் நின்னேன். இந்தப் புள்ளதான் கைய எறக்காதீங்க, ஆட்டுங்கன்னு சொல்லிச்சு."

மண் சரிந்த நேரத்தில் அவர் விறகு தேடி மேலே போயிருந்தாராம். மகன் கிழவரின் காலடியில் குந்தி அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டு ஒரு மிருகம்போலச் சத்தம் போட்டார்.

அக்கா கோயிலுக்குள் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூலையில் போர்த்திப் படுத்திருந்தவர்களின் போர்வையையும் விலக்கிப் பார்த்தார். என் தங்கச்சி அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா திரும்பியபோதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"அக்கா, பெரியம்மா கொழாயடிக்குப் போனாங்க. நானும் வரேன்னேன். புள்ள அழுதான், நின்னுட்டேன்."

அக்கா மூட்டையை அவளிடம் கொடுத்தார். "இது காஞ்ச சேல. யாருக்காச்சும் குடு" என்றார். பிறகு வெளியே போய் செம்மண் ஓரத்தில் நின்றார். தோண்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

அன்று பின்னேரம் தங்கச்சி என்னிடம் சொன்னாள்: "எல்லாரையும் காட்டிட்டேன் அண்ணே. இல்லாதவங்கள எப்பிடிக் காட்டுறதுன்னுதான் தெரியல. அக்கா அங்க நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும். கல்லு மேல வெறுங்கைய விரிச்சுக்கிட்டு நின்னேன். நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அதற்குள் பெட்டரி போய்விட்டது.

பெரியம்மாவை இராணுவத்தினர் வந்து தோண்டியபோது எடுத்தார்கள். ரோடு திறந்ததும் கடைக்குப் போய்க் கணினியில் அந்தக் கடைசிப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். கிழவர்தான். பெரிதாக்கினால் சாக்குக்குக் கீழே சாரத்தின் கட்டம் தெரிகிறது. ஒரு நிமிஷம் திரை எரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அக்காவிடம் சொன்னேன். அவர், "தெரியாம இருந்ததே போதும் தம்பி. அந்த ரெண்டு நாளும் எங்கம்மாவுக்குக் கம்பளி காயவச்சேன்" என்றார்.

இப்போது தங்கச்சியும் மகனும் எங்கள் காம்பராவில்தான் இருக்கிறார்கள். எதிர் மலையில் யாரும் குடியிருக்கக் கூடாதென்று கயிறு கட்டியிருக்கிறார்கள். நின்ற பாதி லயத்தில் அவளுடைய பாத்திரங்கள் இன்னும் கிடக்கின்றன. நான் பாறைக்குப் போவதில்லை. மழை பிடித்தால் தங்கச்சி மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள், உட்கார மாட்டாள். போன கிழமை நிலத்தைப் பார்க்கும் அதிகாரிகள் எங்கள் பக்கத்துக்கும் வந்தார்கள். எங்கள் லயத்துக்கு மேலே, பாறைக்குக் கொஞ்சம் கீழே, நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடுகிறதாம். இங்கேயும் இருக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார்கள். எங்கள் தோட்டத் தலைவர் அதைத் தமிழில் சொன்னார். எங்கே போவது என்று அம்மா கேட்டாள். தலைவர் அதைச் சிங்களத்தில் கேட்டார். அவர்கள் ஜீப்பில் ஏறிக் கீழே போனார்கள்.